கொங்கு மண்ணிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு: புதுமணத் தம்பதியர் குடியேறுவதற்கான முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்துப் பொறியாளர்களுக்கு ஸ்டுட்கார்ட் கேள்விப்படாத ஊரன்று. பாஷ் நிறுவனத்தின் மென்பொருள் பிரிவு கோவையில் இயங்குகிறது. அந்நிறுவனத்தின் தலைமையகம் ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய கெர்லிங்கனில் இருக்கிறது. மெர்சிடிஸ் பென்ஸும் போர்ஷேவும் அந்நகரத்தைச் சேர்ந்தவையே. ஆகவே கல்யாணம் முடிந்த சில மாதங்களில் வேலை ஒப்பந்தத்தோடு இருவராக அங்கே போய் இறங்கும் தம்பதியர் நம் பக்கத்தில் ஆண்டுதோறும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வேலை கணவனுக்கு, மனைவி உடன் செல்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். வேலை மனைவிக்கு என்றால் பெயர்களை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், நடைமுறை ஒன்றுதான்.

ஜெர்மனியில் ஒரு காகிதம் கைக்கு வராமல் அடுத்த காகிதம் வராது. முகவரிப் பதிவு இல்லாமல் வரி எண் இல்லை, வரி எண் இல்லாமல் ஒழுங்கான சம்பளம் இல்லை. எனவே வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதே முதல் கவலையாக இருக்க வேண்டும். இரண்டாவது கவலை, அந்தக் காகிதங்களில் இருவர் பெயரும் இருக்கிறதா என்பது. வேலைக்குப் போகிறவர் பெயரில் மட்டும் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, துணையின் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். அதனால் வரும் அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

1. ஊரில் முடிக்க வேண்டிய காகித வேலைகள்

அருமைக்காரர் நடத்திவைத்த சீர்களும், மண்டப ரசீதும், கல்யாண ஆல்பமும் தூதரகத்துக்குப் போதா. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி, கல்யாணம் நடந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். மறுவீடு, குலதெய்வக் கோயில், விருந்து என்று வாரங்கள் ஓடிவிடும். அதற்கிடையில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கிவிடுங்கள். சான்றிதழில் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பழனிசாமி, குழந்தைசாமி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் எழுதியிருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். இங்கே யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஜெர்மானிய அலுவலர் அவற்றை இரண்டு வேறு ஆட்களின் பெயர்களாகவே எடுத்துக்கொள்வார்.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே தந்தை பெயரை அதில் சேர்த்து மறுவெளியீடு பெற்றுக்கொள்வது நல்லது. வங்கி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் என அங்கே எந்தப் படிவமும் குடும்பப்பெயரைக் கேட்காமல் நகராது. இப்படிச் சேர்க்கும்போது கணவனுக்கு அவர் தந்தை பெயரும் மனைவிக்கு அவர் தந்தை பெயரும் குடும்பப்பெயர்களாகிவிடும். இருவருக்கும் குடும்பப்பெயர் வெவ்வேறாக இருப்பதில் தவறேதும் இல்லை, ஆனால் அதற்கு ஒரு விளைவு உண்டு. அதைத் தபால்பெட்டி பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

துணையின் கல்விச் சான்றிதழ்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாரதியார் பல்கலைக்கழகத்தின் பி.காம். ஆனாலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.இ. ஆனாலும், பட்டம், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், வேலை அனுபவக் கடிதங்கள் ஆகிய அனைத்தும் மூலப்பிரதியாகக் கையில் இருக்க வேண்டும். கணினித் துறையில் வேலை தேட அங்கே தனி அங்கீகாரம் தேவையில்லை. செவிலியர், மருத்துவர், பள்ளி ஆசிரியர் போன்ற பணிகளுக்கு முறையான அங்கீகாரம் கட்டாயம். அது மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் கிளம்பும் முன்பே தொடங்கிவிடலாம்.

பட்டதாரி வேலையாளருக்கான குடியிருப்பு அனுமதியான ஐரோப்பிய புளூ கார்டு பெறுபவரின் துணைக்கு, விசாவுக்கான ஏ1 எனும் தொடக்கநிலை ஜெர்மன் தேர்வு கட்டாயமில்லை. இருந்தாலும் படியுங்கள் என்றே சொல்வேன். கோவையிலேயே ஜெர்மன் கற்பிக்கும் கோதே மையம் இருக்கிறது. விசாவுக்குக் காத்திருக்கும் இரண்டு மூன்று மாதங்களை வீணாக்காமல் ஏ1 முடித்துச் செல்பவருக்கும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று செல்பவருக்கும் முதல் குளிர்காலத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

வங்கி விஷயத்தில் இரண்டு வேலைகள். வெளிநாட்டில் குடியேறியதும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். கிளை மேலாளரிடம் படிவங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, இந்திய சிம் கார்டை ரோமிங் வசதியோடு உயிருடன் வைத்திருங்கள். வங்கி ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

2. பெட்டியில் எது போகலாம், எது கூடாது

அமுச்சி ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் ஊத்துக்குளி நெய்யை எடுத்துச் செல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சி, பால் பொருள்கள் எதையும் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். பால்கோவா, உப்புக்கண்டம் இரண்டும் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், முருங்கைக்காய் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். சான்று கேட்கப்படாதவை வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன் ஆகிய ஐந்து மட்டுமே.

தாராளமாக எடுத்துச் செல்லக்கூடியவை பொடிகள். பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, சாம்பார்த் தூள், ஈரோட்டு மஞ்சள் தூள் ஆகியவற்றைக் கடைப் பொட்டலமாகவோ, பெயர் எழுதி ஒட்டி மூடிய உறையிலோ வைத்துக்கொள்ளுங்கள். அரிசி வேண்டாம், வீண் பாரம். மாத்திரைகளை மூன்று மாதத் தேவைக்கு மிகாமல், மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லலாம்.

கல்யாண நகைகளை எவ்வளவு எடுத்துச் செல்வது என்பது வீட்டுக்கு வீடு மாறும் முடிவு. என் கருத்து, தாலிக்கொடியும் அன்றாடம் போடும் நகைகளும் போதும், மற்றவை லாக்கரில் இருக்கட்டும். கூடுதலாக எடுத்துச் செல்வதென்றால், பின்னாளில் திருப்பிக் கொண்டுவரும்போது தீர்வைச் சிக்கல் வராமலிருக்க, கிளம்பும் விமான நிலையத்தில் நம் சுங்கத் துறையிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். ரொக்கம் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே இறங்கியதும் அறிவிக்க வேண்டும்.

மின்சாரம் அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மிக்ஸி மாற்றமின்றி ஓடும். பிளக் மட்டும் பொருந்தாது, எர்த் உள்ள அடாப்டர் வேண்டும். கோவையின் சிறிய டேபிள் டாப் கிரைண்டரும் அப்படித்தான், எடைக்கு இடமிருந்தால் கொண்டுபோங்கள். குக்கர் வாங்கும்போது இன்டக்ஷன் அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள், அலுமினியக் குக்கர் இன்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. உள்ளே போடும் தெர்மல் உடைகளைத் திருப்பூரிலேயே வாங்கிவிடலாம். மேலே போடும் குளிர்கோட்டையும் காலணியையும் அங்கே வாங்குவதே சரி, அந்தக் குளிருக்கென்று தைத்தது அங்கேதான் கிடைக்கும். பவானி ஜமக்காளம் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். சாமான் வந்து சேரும்வரை வெறுந்தரையில் உட்கார்ந்து சாப்பிட அதுதான் உதவும்.

3. இறங்கியதும் தங்க ஓர் இடம்

கோவையிலிருந்து நேரடி விமானம் இல்லை. பெங்களூரு அல்லது சென்னை வழியாகப் பிராங்பர்ட் சென்றால், விமான நிலையத்தை ஒட்டியே உள்ள ரயில் நிலையத்திலிருந்து ஐ.சி.இ. விரைவு ரயில் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் ஸ்டுட்கார்ட்டில் சேர்த்துவிடும்.

நிரந்தர வீட்டை இங்கிருந்தே இணையத்தில் பிடித்துவிட முயல வேண்டாம். நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் கேட்பவர்களில் ஏமாற்றுக்காரர்கள் அதிகம். சாவி தபாலில் வரும் என்று யார் சொன்னாலும் அது மோசடியே. முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குத் தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய தற்காலிக வீடு எடுங்கள். எடுக்கும் முன், இந்த முகவரியில் எங்கள் இருவரையும் பதிவு செய்ய உறுதிக் கடிதம் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், ஏனெனில் அந்தக் கடிதம் இல்லாமல் அடுத்த எந்த வேலையும் தொடங்காது.

நிரந்தர வீடு தேடும்போது வாடகையில் இரண்டு தொகைகள் சொல்வார்கள். கால்ட்மீட்டே என்பது வெறும் வாடகை. வார்ம்மீட்டே என்பது தண்ணீர், வெப்பமூட்டல், குப்பை போன்ற செலவுகளையும் சேர்த்தது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. முன்பணம் கால்ட்மீட்டேயின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டச் சட்டம் உரிமை தருகிறது. இரண்டு அறை வீடு என்றால் ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும். சமையலறை கணக்கில் வராது. சில வீடுகளில் சமையலறை என்ற அறை இருக்கும், உள்ளே அடுப்பும் தொட்டியும் அலமாரியும் இருக்காது. முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். பார்க்கப் போகும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

ஃபைஹிங்கன், ஃபாயர்பாஹ் போன்றவை ஸ்டுட்கார்ட் நகரத்துக்குள் வருபவை. பெப்லிங்கன், சின்டல்ஃபிங்கன், எஸ்லிங்கன், லுட்விக்ஸ்பூர்க் ஆகியவை தனி ஊர்கள். வீடு அங்கே அமைந்தால் பதிவு அலுவலகமும் வெளிநாட்டவர் அலுவலகமும் அந்தந்த ஊருக்கு உரியவையாக இருக்கும். ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். சாவி வாங்கும் நாளில் மின் மீட்டர், வெப்பமூட்டல் மீட்டர் அளவுகளையும் சுவரில் ஏற்கனவே உள்ள கீறல்களையும் எழுதி, படமெடுத்து, வீட்டுக்காரரின் கையொப்பம் பெற்றுவிடுங்கள்.

4. முகவரிப் பதிவும் தபால்பெட்டியும்

குடிபோன நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் என்று அழைக்கப்படும் இந்தப் பதிவு நகராட்சியின் மக்கள் சேவை அலுவலகத்தில் நடக்கும். நேரம் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இருவரின் பாஸ்போர்ட், திருமணச் சான்று, அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, வீட்டுக்காரரின் உறுதிக் கடிதம் ஆகியவை வேண்டும். மொழிபெயர்ப்பு உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததாக இருக்க வேண்டும். உறுதிக் கடிதத்தில் குடிவருபவர்களாக இருவர் பெயரும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

படிவத்தில் மதம் பற்றிய கேள்வி வரும். கத்தோலிக்கர் என்றோ அங்கீகரிக்கப்பட்ட புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர் என்றோ பதிவானால், ஸ்டுட்கார்ட் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வருமான வரியில் 8 விழுக்காடு திருச்சபை வரியாகப் பிடிக்கப்படும். நம் பக்கத்துக் கிறித்தவக் குடும்பத்தினர் இதைத் தெரிந்துகொண்டு பதில் எழுதுவது நல்லது. மற்றவர்களுக்கு இந்த வரி இல்லை.

இப்போது தபால்பெட்டி. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் வீட்டுக்கென்று கதவு எண் கிடையாது. தெருப்பெயர், கட்டட எண், அவ்வளவுதான். கீழே வரிசையாகத் தகரப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சிறு கண்ணாடித் துண்டுக்குப் பின்னால் குடும்பப்பெயர் எழுதிய காகிதம் செருகியிருக்கும். தபால்காரர் உறையில் உள்ள குடும்பப்பெயரையும் பெட்டியில் உள்ள பெயரையும் ஒப்பிட்டுப் போடுவார்; பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை என எல்லாமே தபாலில்தான் வரும். ஜெர்மானியத் தம்பதியர் பலருக்குப் பெட்டியில் ஒரே பெயர் போதும். நமக்கு இரண்டு தந்தையரின் பெயர்கள் இரண்டு குடும்பப்பெயர்களாக நிற்பதால் இரண்டையும் எழுதியாக வேண்டும். கணவனின் பெயர் மட்டும் ஒட்டிய பெட்டிக்கு மனைவியின் காப்பீட்டு அட்டை வந்து சேராது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலில் இரண்டு பெயர்களையும் அச்செழுத்தில் எழுதி, குடிபோன அன்றைக்கே பெட்டியிலும் அழைப்புமணிப் பலகையிலும் வைத்துவிடுங்கள்.

5. வங்கி, வரி, காப்பீடு

பதிவுச் சான்று கிடைத்ததும் வங்கிக் கணக்கு. சம்பளம், வாடகை இரண்டுக்கும் ஒரு நடப்புக் கணக்கு போதும். கூட்டுக் கணக்காகத் தொடங்குங்கள். வாடகையும் கட்டணங்களும் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படும் முறைதான் அங்கே வழக்கம்.

வரி எண் 11 இலக்கங்கள் கொண்டது. பதிவு செய்த சில வாரங்களில் இருவருக்கும் தனித்தனியே கடிதமாக வரும். அது வரும்வரை நிறுவனம் மிக அதிகப் பிடித்தம் கொண்ட ஆறாம் வரி வகுப்பில் சம்பளம் போடக்கூடும். பிறகு சரிசெய்யப்படும் என்பதால் பதற வேண்டாம். அதற்கடுத்த விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கணவன் மனைவி இருவரும் அங்கே வாழ்வதாகப் பதிவானதும் இருவருக்கும் நான்காம் வகுப்பு தானாக வரும். ஒருவருக்கு மட்டும் வருமானம் இருந்தால், அவர் மூன்றாம் வகுப்பும் துணை ஐந்தாம் வகுப்பும் எடுத்துக்கொள்ள வரி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மாதாமாதம் கைக்கு வரும் தொகை கணிசமாகக் கூடும். ஆண்டு இறுதிக் கணக்கில் மொத்த வரி மாறாது, மாதப் பணப்புழக்கம்தான் மாறுகிறது. ஆனால் துணை வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தால் அவருடைய நிகரச் சம்பளம் குறைவாகக் காட்டப்படும். மகப்பேற்றுக்குப் பின் கிடைக்கும் பெற்றோர் உதவித்தொகை அந்த நிகரச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. குழந்தை பற்றிய எண்ணம் வரும்போதே இந்த வகுப்புகளை மறுபடி பார்த்துவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் அரசுமுறைக் காப்பீட்டைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் ஆலோசனை. வருமானம் இல்லாத துணையும் குழந்தைகளும் கூடுதல் கட்டணமின்றி அதில் சேர்வார்கள். தனியார் காப்பீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். துணையைச் சேர்ப்பது தானாக நடக்காது, அதற்கென்று ஒரு குடும்பக் காப்பீட்டுப் படிவம் உண்டு. அட்டை வந்ததும், உடம்பு நன்றாக இருக்கும்போதே வீட்டுக்கு அருகில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தபின் தேடினால் புதிய நோயாளிகளை எடுப்பதில்லை என்ற பதிலைத்தான் பல இடங்களில் கேட்க வேண்டியிருக்கும். இரவிலும் விடுமுறை நாளிலும் அவசரமல்லாத உதவிக்கு 116117, உயிர்க்கு ஆபத்தென்றால் 112, காவல்துறைக்கு 110.

இன்னொரு காப்பீடு, பிறருக்கு நாம் விளைவிக்கும் சேதத்துக்கானது. ஹாஃப்ட்ஃப்ளிஹ்ட் என்பார்கள். கட்டாயமில்லை, ஆனால் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு முழுக் கட்டடத்தின் பூட்டுகளையும் மாற்றும் செலவு தலையில் விழும்போது அதன் அருமை தெரியும். எடுக்கும்போது வாடகை வீட்டுச் சாவி தொலைவதும் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒலிபரப்புக் கட்டணம் கேட்டும் கடிதம் வரும், அது மோசடியல்ல. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். இருவருக்கும் தனித்தனியே கடிதம் வந்தால், ஒருவரின் கட்டணப் பதிவு எண்ணை மற்றவர் தெரிவித்துத் தன் பெயரை விடுவித்துக்கொள்ளலாம்.

6. சமையல், ஈரம், ஜன்னல்

கோவைக்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீரைப் பற்றி ஒரு பெருமை உண்டு. ஸ்டுட்கார்ட்டின் குழாய்த் தண்ணீரில் ஒரு பகுதி கான்ஸ்டன்ஸ் ஏரியிலிருந்து குழாய்வழி வருகிறது; காய்ச்சாமல் அப்படியே குடிக்கலாம், கேன் வாங்க வேண்டியதில்லை.

சாமானுக்கு மூன்று வகைக் கடைகள். சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் பாசுமதி அரிசி, மைசூர்ப் பருப்பு, தயிர், உப்பில்லாத வெண்ணெய் கிடைக்கும். அந்த வெண்ணெயை உருக்கினால் வீட்டு நெய். ஊத்துக்குளியை மறக்க முடியாவிட்டாலும் ஒப்புட்டுக்குத் தொட்டுக்கொள்ளக் குறையிருக்காது. துருக்கியர் கடையில் ரவை, வெண்டைக்காய், கத்தரிக்காய், கட்டுக்கட்டாய்க் கொத்தமல்லி. பொன்னி அரிசி, துவரம்பருப்பு, கொள்ளு, கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்கு ஈழத்தமிழர் கடைகளும் இந்தியக் கடைகளும். முதல் வாரத்தில் என்ன சமைப்பது என்று திகைக்க வேண்டாம், அரிசியும் பருப்பும் சாதத்துக்கு வேண்டிய எல்லாம் இந்த மூன்று கடைகளுக்குள் அடங்கிவிடும். இட்லி மாவு குளிரில் பொங்காது; ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை இரவு முழுதும் உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

சமையலைவிடப் பெரிய விஷயம் சமையலின் ஆவி. நம் வீடுகளில் காற்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே வீடு குளிருக்காக இறுக மூடப்பட்டிருக்கும். இட்லிக் குண்டான், குக்கர் விசில், உள்ளே காயும் துணி, குளியல் எல்லாம் சேர்ந்து சுவரை ஈரமாக்கும். காலையில் எழுந்ததும் படுக்கையறைக் கண்ணாடியின் கீழோரத்தில் நீர்த்துளிகள் வரிசையாகக் கோத்து நின்றால் அதுதான் முதல் எச்சரிக்கை. கவனிக்காமல் விட்டால் சில வாரங்களில் அலமாரிக்குப் பின்னால், வெளிச்சுவர் மூலையில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடிக்கும். வீட்டைக் காலி செய்யும்போது அந்தச் செலவை முன்பணத்தில் கழிக்கப் பார்ப்பார்கள். தீர்வு எளிது: ஜன்னலை நாள்முழுதும் சாய்த்துத் திறந்து வைப்பதை விட்டு, வெப்பத்தை அணைத்துவிட்டு, எதிரெதிர் ஜன்னல்களை முழுவதுமாக ஐந்து முதல் பத்து நிமிடம் திறந்து மூட வேண்டும். காலை, மாலை, சமைத்த பின், குளித்த பின். குளிர்காலத்திலும் இது தப்பக்கூடாது. அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

வெப்பமூட்டியின் திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். 3 என்பது ஏறத்தாழ 20 பாகை. ஊர் நினைவில் 5-இல் வைத்துக்கொண்டு வாழ்ந்தால் ஆண்டு முடிவில் வரும் செலவுக் கணக்கில் பாக்கி பெரிதாக நிற்கும்.

7. கட்டடத்தின் ஒழுங்கு

ஸ்டுட்கார்ட் அமைந்துள்ள ஷ்வாபியப் பகுதிக்கே உரிய வழக்கம் கேர்வொஹெ, அதாவது முறை வைத்துக் கூட்டும் வாரம். உங்கள் வாரம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு சிறு அட்டை கதவில் தொங்கும். அந்த வாரம் உங்கள் தளத்துப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். பெரிய முறை வந்தால் பொதுவழி, நடைபாதை, பனிக்காலத்தில் பனி அள்ளுவதும் சேரும். முடித்ததும் அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுவார்கள். விடியலில் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது பாரமாக இராது. இந்த ஒன்றைச் சொல்லாமலே ஒழுங்காகச் செய்துவிட்டால் பக்கத்து வீட்டு மூதாட்டி உங்களைப் பற்றி முடிவு செய்துவிடுவார், நல்லபடியாகவே. எல்லாக் கட்டடத்திலும் இந்த முறை இல்லை. சிலவற்றில் ஆள் வைத்திருப்பார்கள். ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

குப்பையைக் காகிதம், சமையல் கழிவு, நெகிழி உறைகள், மீதி எனப் பிரிக்க வேண்டும். கண்ணாடிப் புட்டிகளை நிறம் பார்த்துத் தெருமுனைப் பெட்டியில் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வேண்டாம். தண்ணீர், குளிர்பான நெகிழிப் புட்டிகளுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. கடை இயந்திரத்தில் போட்டுத் திரும்பப் பெறலாம். இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுதும் அமைதி. மிக்ஸி, கிரைண்டர், துளையிடும் கருவி எதையும் அப்போது ஓட்டாதீர்கள். ஞாயிறன்று கடைகளும் இல்லை, சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

8. வீட்டில் இருப்பவரின் நாள்கள்

வேலைக்குப் போகிறவருக்கு முதல் நாளிலேயே அலுவலகமும் சக ஊழியர்களும் கிடைத்துவிடுவார்கள். உடன் வந்தவருக்கு நான்கு சுவர்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி; அங்கே மாலை ஆறு என்றால் குளிர்காலத்தில் ஊரில் இரவு பத்தரை, அப்பிச்சியும் அமுச்சியும் தூங்கி நேரமாகியிருக்கும். வீட்டுக்குப் பேசுவதை அங்கத்திய காலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். "சாப்பிட்டயா கண்ணு" என்று கேட்கும் குரலோடு நாள் தொடங்குவது நல்லதுதான், ஆனால் நாள் முழுதும் கைப்பேசியில் ஊரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தால் வந்த ஊர் எப்போதும் அயலாகவே இருக்கும்.

ஆகவே முதல் மாதத்திலேயே துணையின் பெயரில் ஒரு ஜெர்மன் வகுப்பு. ரோட்டபூல்பிளாட்ஸ் சதுக்கத்தில் உள்ள ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே என்னும் மக்கள் கல்வி நிலையத்தில் பகல் வகுப்புகள் நடக்கின்றன. அரசு மானியம் உள்ள ஒருங்கிணைப்பு வகுப்பு பொதுவாக 700 பாடவேளைகள் கொண்டது. 600 மொழிக்கும் 100 அந்நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்முறைக்கும். பி1 எனும் இடைநிலைவரை கொண்டுபோகும். துணையின் பெயரிலும் மாதப் பயணச்சீட்டு எடுங்கள். நாடு முழுதும் நகரப் பேருந்திலும் உள்ளூர் ரயிலிலும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. தேவையிருந்தால் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அவர் வீட்டை விட்டு வெளியே இறங்கமாட்டார். சீட்டில்லாமல் ஏறினால் 60 யூரோ அபராதம்.

9. குடியிருப்பு அட்டையும் ஓட்டுநர் உரிமமும்

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா சில மாதங்களுக்கே செல்லும். அது முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருவருக்கும் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பித்தாக வேண்டும். நேரம் கிடைக்க வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். முகவரிப் பதிவு முடிந்த வாரத்திலேயே விண்ணப்பத்தை அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். விசா காலாவதியாகும் முன் விண்ணப்பித்தவருக்கு முடிவு வரும்வரை தங்கும் உரிமை தொடரும். அதற்கான இடைக்காலச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். துணையின் அட்டை வந்ததும், வேலை செய்ய அனுமதி உண்டு என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். புளூ கார்டு வைத்திருப்பவர் 27 மாதங்களில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், பி1 ஜெர்மன் இருந்தால் 21 மாதங்களில். பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் வாழ்பவர்களுக்குப் பாஸ்போர்ட் புதுப்பித்தல் முதலியவற்றுக்கு மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம்தான்.

இந்திய ஓட்டுநர் உரிமம் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் செல்லும், ஊரிலுள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிச் சென்றால் மொழிபெயர்ப்புத் தொல்லை இல்லை. அதன் பிறகு எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். வலப்பக்கமாக ஓட்டுவதும், பலகை ஏதுமற்ற சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கு வழிவிடுவதும் நம் கைக்குப் பழக நாளாகும் என்பதால், எவ்வளவு அனுபவம் இருந்தாலும் பயிற்சி வகுப்பில்லாமல் சாலைத் தேர்வுக்குப் போகாதீர்கள். துணையிடம் இந்திய உரிமம் இருந்தால் அவருக்கும் அதே பயிற்சிப் பள்ளியில் அதே நாளில் பெயர் கொடுத்துவிடுங்கள். தேர்வுக்கு முன் முடிக்க வேண்டிய முதலுதவிப் பயிற்சி ஒரு நாள் வேலைதான், ஏதேனும் ஒரு சனிக்கிழமையில் இருவரும் சேர்ந்தே முடித்துவிடலாம்.